கழற்றி வைத்த பெரிய கப்பாசிற்றர்களை என்ன செய்யலாம்?

பழைய அம்ப் (ஒலிபெருக்கிக்கு வலுக்கொடுக்கும் அம்ப்ளிஃபயர்), யூபிஎஸ்களில் கழற்றிய பெரிய கப்பாசிற்றர்கள், அதாவது மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கிகள், பெட்டி நிறையக் கிடக்கின்றன, எதற்காவது உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் எறியச் சொல்லி நச்சரிப்பும் இருக்கும், தெரியும். எறியாதீர்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே சர்க்கிட்டில் பூட்டியும் விடாதீர்கள், நான் அதைத்தான் செய்தேன்.

திருகோணமலையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை ஒன்றை மூடியபோது உடைந்த அம்ப் ஒன்றை இரும்பு விலைக்கு வாங்கி வந்தேன். உள்ளே 63 வோல்ட், 10,000 மைக்ரோபரட் (கொள்ளளவின் அலகு) கப்பாசிற்றர் நான்கு, ஒவ்வொன்றும் பெரிய டோர்ச் பற்றரி அளவு. உப்புக்காற்றில் கால்கள் கறுத்திருந்தன, பிளேட்டால் சுரண்டிய பிறகுதான் ஈயம் பிடித்தது. மேசைக்கு ஒரு பவர் சப்ளை கட்டுவோம் என்று 18 வோல்ட் ட்ரான்ஸ்போமர், ஏசியை டிசி ஆக்க நான்கு 1என்4007 டயோட், பின்னால் நான்கு கப்பாசிற்றரும் சமாந்தரமாக. நாற்பதாயிரம் மைக்ரோபரட் என்று ஒரு பெருமை வேறு. சுவிட்சைப் போட்டதும் 'டப்'. ஒரு டயோட் இரண்டாகப் பிளந்து கிடந்தது, பியூசும் போய்விட்டது. வெறுமையாக இருக்கும் கப்பாசிற்றர் அந்த முதல் கணத்தில் ஷோர்ட் மாதிரித்தான், ஒரு அம்பியர் டயோட் பாவம் என்ன செய்யும்?

இப்போது அந்தப் பவர் சப்ளையில் ஒரே ஒரு கப்பாசிற்றர்தான் இருக்கிறது, 10 அம்பியர் பிரிட்ஜோடு (நான்கு டயோட்டும் ஒன்றாக அடங்கிய துண்டு). 1.5 அம்பியர் இழுத்தாலும் வோல்ட் ஏறி இறங்கும் அலை ஏறக்குறைய 1.5 வோல்ட்தான், பின்னால் உள்ள எல்எம்317 என்ற வோல்டேஜ் ரெகுலேற்றர் அதை விழுங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் கிடந்த கப்பாசிற்றரை நேரே பூட்டாமல், ஒரு ரெசிஸ்ரர் (மின்தடை) வழியாக மெதுவாக ஏற்றி ஒரு இரவு விடுங்கள். உள்ளே மின் கசியாமல் தடுக்கும், மெலிந்துபோன ஒட்சைட்டுப் படை அப்போது திரும்ப வளரும். என்னுடைய நான்கில் ஒன்று விடியும்வரை ஏற்றிய வோல்ட்டில் பாதியைக்கூடத் தாண்டவில்லை, அதை எறிந்துவிட்டேன்.

கப்பாசிற்றரில் சேர்த்த மின்னை ஒரே கணத்தில் பாய்ச்சித் தகடு ஒட்டும் ஸ்பொட் வெல்டர் செய்யலாமே என்று யாராவது வருவார்கள். செய்யுங்கள், நான் மறிக்கவில்லை. ஆனால் யூபிஎஸ்சில் கழற்றிய 450 வோல்ட், 470 மைக்ரோபரட் சின்னதாகத் தெரிகிறதே என்று தொடாதீர்கள். முழுதாக ஏறினால் அதில் ஏறக்குறைய 48 ஜூல் சக்தி, என் 10,000 மைக்ரோபரட்டில் முழு 63 வோல்ட் ஏறினாலும் ஏறக்குறைய 20 ஜூல்தான். ஸ்க்ரூ ட்றைவரால் ஷோர்ட் பண்ணாமல் ரெசிஸ்ரரால் வடியுங்கள். வடித்த பிறகும் சும்மா வைத்தால் தானாகக் கொஞ்சம் வோல்ட் திரும்பி வரும். முதல்முறை கண்டபோது மீற்றர் பிழை என்று நினைத்தேன்.

அப்புறம் ஒன்று, கேட்காததுதான். சொந்தக்காரர் வீட்டு டிவி பழுதென்றால் இரவு 9 மணிக்கும் கூப்பிடுவார்கள், முடிந்ததும் ஒரு தேத்தண்ணி, "எங்கட பிள்ளைதானே". சாமான் காசு கூட வராது. அதே ஆட்கள் என் மேசையைப் பார்த்துவிட்டு "தம்பி, ஏன் இந்தக் குப்பை" என்பார்கள். அந்தக் குப்பையில் கழற்றிய டயோட்தான் அவர்களுடைய டிவிக்குள் இருக்கிறது.

சரி, உங்கள் பெட்டியில் மேல்மூடி புடைத்தது, அடியில் கசிந்தது இருந்தால் அதை மட்டும் இன்றே எறியுங்கள்.