சுவரில் மாட்டிய சான்றிதழும் சட்டம் தரும் உரிமமும்

கேள்வி: எங்கள் மகனுக்கு நான்கரை வயது. ஆட்டிசம் என்று கோவையில் மருத்துவர் உறுதி செய்தபின், ஈரோட்டில் உள்ள ஒரு தெரபி மையத்தில் ஆறு மாதங்களாக விட்டு வருகிறோம். மாதம் 18,000 ரூபாய் கட்டுகிறோம். என் கணவருக்குப் பனியன் கம்பெனியில் வரும் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போகிறது. மையத்தின் சுவரில் அமெரிக்கச் சான்றிதழ் ஒன்று மாட்டியிருக்கிறது. அரசு அங்கீகாரம் உண்டு என்றும் சொல்கிறார்கள். ஆனால் பெற்றோரை உள்ளே விடுவதில்லை. போன வாரம் குளிக்க வைக்கும்போது மகனின் மணிக்கட்டில் சிவந்த தடத்தைப் பார்த்தேன். கேட்டதற்கு, "அடம் பிடித்தான், பிடித்து உட்கார வைத்தோம்" என்றார்கள். இவர்களுக்கு உரிமம் கொடுப்பது யார்?
— ஒரு தாய், பெருந்துறை

பதில்: சகோதரி, உரிமத்தைப் பற்றிப் பேசும் முன் அந்தத் தடத்தைப் பற்றிப் பேச வேண்டும். அதைப் படம் எடுத்து வையுங்கள், மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். யார், எப்போது, எதற்காக, எவ்வளவு நேரம் பிடித்தார்கள் என்பதற்கு மையம் எழுத்தில் பதில் தரும் வரை குழந்தையை அங்கே அனுப்பாதீர்கள். பதில் வராவிட்டால் 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் புகார் கொடுங்கள். பொறுப்பில் விடப்பட்ட குழந்தையைத் துன்புறுத்துவது சிறார் நீதிச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிள்ளை ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று கவனித்து, அதற்கேற்பப் பயிற்சித் திட்டம் வகுப்பவரை நடத்தைப் பகுப்பாய்வாளர் என்பார்கள். அந்தத் தொழிலுக்குக் கட்டுப்பாடு வந்த கதையே இப்படிப்பட்ட தடங்களில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து மயாமி நகரில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான சன்லேண்ட் என்ற அரசு இல்லத்தில், நடத்தையை மாற்றுகிறோம் என்ற பெயரில் அங்கிருந்தவர்களை மரப்பலகையால் அடித்ததும், சோப்புநீரால் வாயைக் கழுவியதும், கட்டி வைத்ததும் 1970களின் தொடக்கத்தில் விசாரணையில் வெளிவந்தன. அதன் பிறகு புளோரிடா மாநிலம் வழிகாட்டு நெறிகளையும் தேர்வையும் சான்றிதழையும் கொண்டுவந்தது; அந்த அடித்தளத்தின் மேல்தான் 1998இல் சான்றளிக்கும் தனியார் வாரியம் ஒன்று உருவானது. உங்கள் மையத்தின் சுவரில் தொங்குவது பெரும்பாலும் அந்த வாரியத்தின் சான்றிதழாக இருக்கும்.

அந்தச் சான்றிதழ் வேறு, உரிமம் வேறு. இன்னார் இன்ன படிப்பையும் பயிற்சியையும் முடித்துத் தேர்வில் தேறினார் என்று ஒரு வாரியம் சொல்வது சான்றிதழ். இது இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது என்று அரசு சட்டம் போட்டுச் சொல்வது உரிமம். தவறு செய்தால் அதைப் பறிக்கும் அதிகாரமும் அரசுக்கு உண்டு. அமெரிக்காவிலேயே பல மாநிலங்கள் பின்னாளில் தனித்தனிச் சட்டம் இயற்றித்தான் உரிமத்தைக் கொண்டுவந்தன. அந்த உரிமம் அந்தந்த மாநில எல்லைக்குள்தான் செல்லும், ஈரோட்டில் செல்லாது. போதாததற்கு, 2023 முதல் இந்தியாவில் வசிப்பவர்களின் புதிய விண்ணப்பங்களை அந்த வாரியம் ஏற்பதும் இல்லை.

நம் நாட்டில் இரண்டு சட்டங்களைப் பார்க்க வேண்டும். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டத்தின்படி சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் போன்றோர் மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் பதிவு எண் உண்டு, ஆர்.சி.ஐ. (அந்தக் குழுமத்தின் ஆங்கிலச் சுருக்கம்) எண் என்று கேட்டாலே தெரியும். நடத்தைப் பகுப்பாய்வாளர் என்ற பெயரோ, துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. அந்தச் சட்டத்தின்படி மாநிலப் பதிவேட்டை மாநில மன்றம் பராமரிக்க வேண்டும். ஆகவே "அரசு அங்கீகாரம்" என்று வெறுமனே சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். எந்தச் சட்டம், எந்தப் பதிவேடு, என்ன எண் என்று கேளுங்கள். மையத்துக்கும் தனிப் பதிவு வேண்டும்: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவர்களுக்கான நிறுவனங்கள் பதிவுச் சான்று பெற வேண்டும் என்கிறது.

எண் சரியாக இருந்தாலும் சாத்திய கதவு சாத்திய கதவுதான். நல்ல வேலை எப்படி இருக்கும் என்பதைப் பள்ளிபாளையத்தில் ஒரு வீட்டில் நேரில் பார்த்தேன். பையன் கையில் கிடைத்ததையெல்லாம் வீசி எறிவான். பிடிவாதம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வந்த பகுப்பாய்வாளர் அவனைத் தொடவே இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு, மணி, அதற்கு முன் என்ன நடந்தது, பையன் என்ன செய்தான், பின்னர் என்ன நடந்தது என்று பத்து நாட்கள் அம்மாவையே எழுத வைத்தார். பதினோராம் நாள் நோட்டைப் புரட்டியபோது விஷயம் பிடிபட்டது. தறி ஓடிக்கொண்டிருக்கும் வரை அவன் சும்மா இருக்கிறான். மின்சாரம் போய்த் திரும்பி வந்து, பக்கத்துத் தறிக்கூடம் சட்டென்று இரையத் தொடங்கும் அந்தக் கணத்தில்தான் வீசுகிறான். அதன்பின் அவனை அடக்க வேண்டிய தேவையே வரவில்லை. காதைப் பொத்திக்கொள்ளவும், உள்ளறைக்குப் போக வேண்டும் என்று ஒரு படத்தை எடுத்துக் காட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். உங்கள் மையத்தில் அப்படி ஒரு நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் பிள்ளையைப் பற்றிய அந்தப் பக்கங்களைப் படிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேள்வி: எம்.எஸ்சி. உளவியல் முடித்திருக்கிறேன். இணையத்தில் 40 மணி நேரப் பயிற்சி முடித்தால் நடத்தைப் பகுப்பாய்வாளராகப் பெயர்ப்பலகை வைக்கலாமா?
— ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: வைக்காதீர்கள் அம்மா. அந்த 40 மணி நேரம், மேற்பார்வையாளர் ஒருவரின் கீழ் வேலை செய்யும் உதவியாளருக்கு அமெரிக்க வாரியம் வைத்த தொடக்கப் பயிற்சி மட்டுமே. தனியாகத் திட்டம் வகுப்பவருக்கு முதுகலைப் பட்டமும், அதற்குரிய பாடங்களும், மேற்பார்வையின் கீழ் 1,500 முதல் 2,000 மணி நேரக் களப்பணியும், அதன் பிறகு தேர்வும் உண்டு. உங்கள் பட்டம் நல்ல தொடக்கம். மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற சிறப்புக் கல்விப் படிப்பு ஒன்றில் சேருங்கள். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்திலும் விசாரியுங்கள். பதிவு எண் கைக்கு வரும் வரை, அனுபவமுள்ள ஒருவருக்கு அருகில் உட்கார்ந்து நோட்டு எழுதுங்கள்.