கோலாலம்பூர் தாமான் வீட்டின் பின்கட்டில் நாலு கோழி வளர்க்கலாமா?

செந்தூலில் தாமான் என்னும் குடியிருப்புப் பேட்டையில் வரிசை வீடு, பின்கட்டில் பத்தடி இடம் இருக்கிறது. நாலு பெட்டைக்கோழியும் ஒரு சேவலும் வாங்கி விடலாமா, மாநகர் மன்றம் ஒத்துக்கொள்ளுமா, லைசென்ஸ் எடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் செத்தாப்பாக்கில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் ஏழு வருடமாகக் கோழி இருக்கிறது. நடுவில் ஒருமுறை புகார் போய், அதிகாரிகள் வந்து பார்த்து, நோட்டீஸ் கொடுத்து, சேவலை வெளியூருக்கு அனுப்பும்படி ஆனது. அதனால் பட்டதையும் அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்தே சொல்கிறேன். சேவல் வேண்டாம். பெட்டை மட்டும், அதுவும் நாலுக்கு மேல் போகாது என்றால் மேலே படியுங்கள்.

நாய்க்கு லைசென்ஸ் எடுக்கிறோமே, அதுபோல் கோழிக்கும் ஒன்று வாங்கிவிட்டால் யாரும் கேட்க முடியாது என்றுதான் அம்மா நினைத்திருந்தார். வீட்டுக்கு வந்த அதிகாரி பொறுமையாக விளக்கினார். இது குடியிருப்புப் பகுதி. இங்கே கோழி வளர்ப்பது உங்கள் உரிமை என்று நாங்கள் எழுதித் தர முடியாது. யாருக்கும் தொல்லை இல்லாதவரை நாங்களாகத் தேடி வரமாட்டோம், தொல்லை என்று புகார் வந்தால் எடுக்கச் சொல்வோம் என்றார். எங்கள் தெருவில் நடைமுறை அப்படித்தான் இருந்தது.

இதற்குப் பின்னால் இருப்பது 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம், 171ஆவது சட்டம் என்பார்கள். தொல்லை என்பதுதான் அதில் நமக்கு முக்கியமான சொல். நாற்றமோ ஈயோ சத்தமோ, அக்கம்பக்கத்தாரின் சுகாதாரத்துக்குக் கேடு என்று ஆகிவிட்டால் அதை நிறுத்தச் சொல்லி மன்றம் நோட்டீஸ் கொடுக்கலாம். மதிக்காவிட்டால் நீதிமன்றம் வரை போகும். இந்தச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மன்றமும் தனக்கென்று துணை விதிகள் போட்டுக்கொள்ளும். ஆகவே "என் மச்சான் காஜாங்கில் பத்துக் கோழி வைத்திருக்கிறார், யாரும் கேட்கவில்லை" என்று யாராவது சொன்னால் அதை நம்பி இறங்காதீர்கள். எங்கள் வீடு டிபிகேஎல், அதாவது கோலாலம்பூர் மாநகர் மன்ற எல்லையில் இருக்கிறது. கோம்பாக் பக்கம் கொஞ்சம் தள்ளிப்போனால் செலாயாங், அம்பாங் போனால் அம்பாங் ஜெயா, மன்றமே வேறு. உங்கள் வீட்டு மதிப்பீட்டு வரி பில்லில் எந்த மன்றத்தின் பெயர் இருக்கிறதோ அங்கே எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்.

கிராண்ட் என்று நாம் சொல்லும் நிலப் பட்டாவையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில்துறை என்று மூன்றாகப் பிரிக்கிறது. தாமான் வீடுகள் கட்டடப் பிரிவில், குடியிருப்புக்கு என்ற நிபந்தனையோடு வரும். நாலு கோழி முட்டையை நாம் சாப்பிடுவது ஒன்று, பத்து இருபது என்று பெருக்கி அக்கம்பக்கத்தில் விற்பது வேறொன்று. விற்கத் தொடங்கினால் அது வியாபாரம், வீட்டு நிலத்தில் அதற்கு இடமில்லை.

மாடிவீட்டில் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வரி. பொது இடங்களைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகளுக்கான 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாக விதிமுறைகளின் மூன்றாம் அட்டவணையில் 14ஆவது விதி இதைப் பேசுகிறது. மற்ற வீட்டாருக்குத் தொல்லை தரும் பிராணியை வைத்திருக்கக் கூடாது, நிர்வாகக் கழகத்தின் எழுத்து நோட்டீஸ் கைக்கு வந்த மூன்று நாளில் அகற்ற வேண்டும். காவலர் கதவு போட்ட சில தரைவீடுகளும் ஸ்ட்ராட்டா பட்டாவில்தான் இருக்கின்றன, அவர்களுக்கும் இதே விதி. மாடிவீட்டுப் பால்கனியில் கோழி வேண்டாம். அது கோழிக்கும் நல்லதல்ல.

இனி எங்கள் சேவல் கதைக்கு வருகிறேன். சட்டத்தைவிட அதுதான் உங்களுக்கு உதவும்.

என் தம்பி மோட்டார் விபத்தில் அடிபட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது, அவன் எழுந்து நடந்தால் ஆடிப் பூசைக்கு ஒரு சிவப்புச் சேவல் கொடுக்கிறேன் என்று அம்மா முனீஸ்வரருக்கு நேர்ந்துகொண்டார். அம்மா பீடோர் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத் தொழிலாளர் வரிசையான லயத்து வீட்டில் கோழி இல்லாத வாசலே இருந்ததில்லை. தம்பி பிழைத்தான். அம்மா மூன்று பெட்டைகளோடு ஒரு சேவல் குஞ்சையும் வாங்கி வந்து வளர்த்தார். தினமும் பொழுது சாயும்போது ஒவ்வொன்றையும் பிடித்து, கழுத்துக்குக் கீழே இருக்கும் தீனிப்பையை இரண்டு விரலால் தடவிப் பார்ப்பார். நிறைந்து இறுகியிருந்தால் கூண்டுக்குள் விடுவார். காலியாக இருந்தால் இன்னொரு பிடி நொய்யரிசி. நான் சிறுவனாக இருந்தபோது பாட்டி செய்து பார்த்த அதே காரியம்.

ஐந்து மாதம் கழித்து அந்தச் சேவல் கூவத் தொடங்கியது. நம் ஊரில் பொழுது விடிய ஏழு மணி ஆகிவிடும். இது நாலேகாலுக்கே ஆரம்பித்துவிடும். தோட்டத்தில் அந்தச் சத்தம் காற்றோடு போய்விடும். வரிசை வீட்டில் பின்சுவரும் பின்சந்தும் அதை அப்படியே வாங்கி அடுத்த வீட்டு அறைக்குள் அனுப்பும். இருட்டில் வைத்தால் கூவாது என்று யாரோ சொன்னார்கள். கூண்டின் மேல் கறுப்புத் துணியைப் போட்டு மூடினோம். ஒன்றும் நடக்கவில்லை. ஜப்பானில் நாகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள் என்று பிறகுதான் படித்தேன். சேவலுக்கு உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. வெளிச்சம் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கூவத் தொடங்கும், மங்கலான வெளிச்சத்திலேயே நாள் முழுக்க வைத்திருந்தாலும் ஏறக்குறைய ஒரு நாள் சுழற்சியில் கூவும். துணி போட்டு அதை ஏமாற்ற முடியாது.

வலது பக்க வீட்டில் ஒரு மலாய்க் குடும்பம். மனைவி தாதி. அப்போதுதான் முதல் குழந்தை பிறந்து பந்தாங் என்னும் பிரசவப் பத்தியங்கூட முடியவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முகச்சுளிப்புக்கூட வந்ததில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை இரண்டு அதிகாரிகள் வந்து புகார் வந்திருக்கிறது என்றார்கள். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை. நாங்கள் இடது பக்க வீட்டுச் சீனப் பெரியவரைச் சந்தேகப்பட்டோம். இரண்டு வாரம் அம்மா அவரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அது எங்கள் தப்பு. பிறகு அந்தத் தாதியே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலி ஓரம் வந்து, "ஆண்டி, நான்தான் சொன்னேன். கோழிகளைச் சொல்லவில்லை. பிள்ளை மூன்று மணிக்குத்தான் கண்ணை மூடுகிறது, நாலு மணிக்கு அது எழுப்பிவிடுகிறது. நேரில் சொன்னால் நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று பயந்தேன்" என்றார். அவர் கண்ணுக்குக் கீழே இருந்த கருமையைப் பார்த்த பிறகு அம்மாவால் எதுவும் சொல்ல முடியவில்லை. ஆனால் சாமிக்கு விட்டதை எங்கே அனுப்புவது? கடைசியில் பீடோரில் மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டு, ஆடிப் பூசைக்கு அங்கிருந்தே கோயிலுக்குக் கொண்டுபோனோம்.

முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறைய பேர் தேவை என்று நினைக்கிறார்கள். சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், குஞ்சுதான் பொரிக்காது.

அதிகாரிகள் வந்த அன்று நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கோழிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒருவர் குனிந்து டார்ச் லைட்டைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அடித்தார். அம்மா தினமும் மாற்றும் சட்டி அது, சுத்தமாக இருந்தது. ஆனால் கூண்டுக்குப் பின்னால், மழைத் தண்ணீர் பிடித்திருந்த ஒரு பழைய மைலோ டின்னில் நாலைந்து புழு நெளிந்துகொண்டிருந்தன. கொசுப் புழு. 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு உற்பத்திக்கு அங்கேயே 500 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் எழுதலாம். முதல் தடவை என்பதால் எச்சரித்துவிட்டுப் போனார்கள். கோழி வைத்திருப்பவர் வீட்டில் சட்டி, டின், தீவன வாளி என்று தண்ணீர் நிற்கும் இடம் பெருகிக்கொண்டே போகும். டிங்கி இத்தனை இருக்கும் ஊரில் இதை அசட்டையாக விடவே கூடாது.

செத்தாப்பாக்காரர்கள் கோழி என்றால் இன்னும் கொஞ்சம் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2006 பிப்ரவரியில் இங்கே கம்போங் பாசிர் வார்டிபர்னில் வீட்டுக் கோழிகள் திடீரென்று செத்து, எச்5என்1 பறவைக் காய்ச்சல் என்று உறுதியானது. வெள்ளை உடை போட்டவர்கள் வீடு வீடாக வந்து கோழி, வாத்து எல்லாவற்றையும் பிடித்துப்போய் அழித்தார்கள். அதற்கு முன் 2004 ஆகஸ்டில் கிளந்தானில் வந்தது. 2006 மார்ச்சில் பேராவிலும் பினாங்கின் செபராங் பிறையிலும், 2007 ஜூனில் சுங்கை பூலோ பக்கத்திலும் வந்தது. அந்த நாலு வருடத்தில் மலேசியாவில் மனிதர் யாருக்கும் அது தொற்றவில்லை. ஆனால் திறந்துவிட்டு வளர்த்த கம்பத்துக் கோழிகளில், அதாவது கிராமத்து நாட்டுக்கோழிகளில்தான் அது திரும்பத் திரும்ப வந்தது. ஆகவே கோழியைத் தெருவில் மேயவிடாதீர்கள். ஒன்றுக்கு மேல் திடீரென்று செத்தால் வெறும் கையால் தொடாமல், குப்பையிலும் போடாமல், கால்நடை மருத்துவச் சேவைத் துறைக்குச் சொல்லுங்கள். ராணிக்கேட் என்னும் வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. கம்பத்துக் கோழிகளுக்கென்றே சூடு தாங்கும் ஒரு மருந்தை செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். கால்நடை மருத்துவரிடம் கேட்டால் எது, எப்போது என்று சொல்வார்.

பணம் மிச்சமாகும் என்று நினைத்துத் தொடங்காதீர்கள். 2022 கடைசியில் கடையில் முட்டை கிடைக்காமல், டிசம்பரில் நாமக்கல் முட்டை கப்பலேறி வந்ததே, அப்போது எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் கூண்டு முளைத்தது. இன்று அந்த மூன்றில் ஒன்றும் இல்லை. ஒரு கோழி நாளுக்கு நூறு, நூற்றிருபது கிராம் தீவனம் தின்னும். நாலு கோழிக்கு அரைக்கிலோ. கூண்டுச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் கடை முட்டையே மலிவு. மத்தியானம் வீடு அமைதியாக இருக்கும்போது கொக்கரிக்கும் சத்தமும், போய்ப் பார்த்தால் வைக்கோலில் சூடாக இருக்கும் ஒரு முட்டையும் வேண்டும் என்று தோன்றினால் மட்டும் வாங்குங்கள்.

நாற்றத்துக்கு ஒரே மருந்து ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்வது. மரக்கடையில் மரத்தூள் கேட்டால் மூட்டையாகத் தருவார்கள். தரையில் நாலு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். கூரைத் தகரம் சாரல் அடிக்காத அளவு வெளியே நீண்டிருக்க வேண்டும். மிச்சத் தீவனத்தை இரவில் விட்டுவைத்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். எங்கள் கூண்டுக்கு ஒரு மலைப்பாம்பு வந்து, பொதுத் தற்காப்புப் படையினர் வந்து பிடித்துப்போனார்கள். வலைக்கண் சிறியதாக, அடியிலும் கம்பி போட்டதாக இருக்கட்டும். லோங்காங் என்னும் சாக்கடை வாய்க்காலிலிருந்து உடும்பும் கூரை வழியாக மரநாயும் வரும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது யார் தண்ணீர் வைப்பார் என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி பிராணியைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். பட்டினி போட்டுப் பூட்டிவிட்டுப் போவதைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் ஆசை இருந்தால், கூண்டு வாங்குவதற்கு முன் இரண்டு பக்க வீட்டுக்கும் பின்சந்தில் எதிர்வீட்டுக்கும் போய் நேரில் சொல்லுங்கள். சேவல் இல்லை, நாலே பெட்டை, வாடை வந்தால் உடனே என்னிடம் சொல்லுங்கள் என்று உங்கள் போன் நம்பரையும் கொடுங்கள். நாங்கள் அதை முதலில் செய்யவில்லை. அப்புறம், நல்ல மழை அடித்து ஓய்ந்த ஒரு சாயங்காலம் அந்தப் பத்தடி இடத்தில் போய் நின்று பாருங்கள். அரை மணி நேரம் கழித்தும் தண்ணீர் தேங்கியிருந்தால், அதைச் சரிசெய்யாமல் ஒரு கோழிகூட வாங்காதீர்கள்.