ஜீவனாம்சம் வேறு, பிள்ளையைப் பார்ப்பது வேறு

பிரிந்து வாழ்பவர்களின் கேள்விகளுக்குக் குடும்ப வழக்குகள் நடத்தும் கடலூர் வழக்கறிஞர் ஒருவரின் பதில்கள்.

மேடம், நான் மஞ்சக்குப்பத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். அவர் பாகூரில். பக்கம்தான், ஆனால் அது புதுச்சேரி. ஜீவனாம்ச வழக்கை அங்கே போய்த்தான் போட வேண்டுமா?

வேண்டாம்மா, கடலூரிலேயே போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்கு இருந்த 125-வது பிரிவு 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் 144 ஆகிவிட்டது. மனைவி குடியிருக்கும் மாவட்டத்தில் வழக்குப் போடும் வசதி அப்படியே இருக்கிறது. அவர் முந்திக்கொண்டு புதுச்சேரியில் விவாகரத்து கேட்டிருந்தால், வழக்கை இங்கே மாற்றச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு போடுங்கள். இரண்டு ஊரும் அதன் கீழ்தான். வக்கீலுக்குக் காசில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. போன் 15100.

மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். பையனைக் கண்ணில் காட்ட மாட்டேன் என்கிறாள். பணத்தை நிறுத்தினால்தான் வழிக்கு வருவாளா? (அரியாங்குப்பம்)

நிறுத்தாதீர்கள் தம்பி. இந்த யோசனையை உங்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஊரில் ஆள் நிறைய உண்டு, பாக்கி ஏறினால் கட்ட ஒருவரும் வரமாட்டார். நீதிமன்றம் இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். அவர் பிள்ளையைக் காட்டாதது தப்பு; நீங்கள் பணத்தை நிறுத்தினால் அது இன்னொரு தப்பு, அவ்வளவுதான். (பணம் வரவில்லை என்று பிள்ளையை மறைக்கும் அம்மாக்களுக்கும் இதே பதில்தான்.)

பையன் வசிக்கும் ஊரின் குடும்ப நீதிமன்றத்தில், 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி மனு போட்டு, இடைக்காலமாகப் பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் முதலில் நீதிமன்ற வளாகத்திலேயே சந்திக்க விடுவார்கள். பழகியபின் வார இறுதி கேட்கலாம். குறித்த நாளில் அவர் வராவிட்டாலும் நீங்கள் போய்க் காத்திருங்கள், அதை மனுவில் எழுதுங்கள். அப்புறம், பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகவே போகட்டும்.

மாதம் 8,000 ரூபாய் தரச் சொல்லி உத்தரவு. 14 மாதமாக ஒரு பைசா வரவில்லை. ‘ஒரு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தால் கணக்கு தீர்ந்தது’ என்று சிரிக்கிறார். (பண்ருட்டி)

தீராது. பணம் கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை போடலாம். சிறைக்குப் போனாலும் கடன் கடன்தான் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. ஆனால் உங்கள் பக்கம் ஒரு அவசரம் இருக்கிறது: தொகை பாக்கியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டால்தான் அதை வசூலிக்க வாரண்ட் கிடைக்கும். அதாவது முதல் இரண்டு மாதம் அந்த வழியில் ஏற்கெனவே நழுவிவிட்டது. இனி தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் இன்னொன்று போகும். நழுவியதைச் சிவில் தீர்ப்பு போல நிறைவேற்றக் கேட்க முடியும். அவர் பேரில் முந்திரித் தோப்போ மனையோ இருந்தால் பட்டா விவரம் எடுத்து வையுங்கள், ஜப்திக்கு அதுதான் வேண்டும்.

சம்பளத்தைக் குறைத்துச் சொல்கிறார் மேடம். (நெய்வேலி)

2020-இல் ரஜ்னேஷ் – நேகா வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, இருவருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். வங்கிக் கணக்கு விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். நீங்களும் எதையும் மறைக்காதீர்கள். தொகை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும்.

பாப்பாவுக்கு நாலு வயது. அஞ்சு முடிந்ததும் தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்று மாமியார் மிரட்டுகிறார். (லாஸ்பேட்டை)

ஐந்து வயது வரை சாதாரணமாகத் தாயிடம் என்கிறது 1956-ஆம் ஆண்டு இந்து சட்டம். ஐந்து முடிந்தால் தானாக அப்பாவிடம் போகும் என்று எங்கும் இல்லை. குழந்தையின் நலன்தான் கணக்கு. மிரட்டிய குரல் பதிவு இருந்தால் அழித்துவிடாதீர்கள்.

அவர் பிரான்சில். மகனுக்குப் பாஸ்போர்ட் எடுக்கக் கையெழுத்துப் போட மறுக்கிறார். (முத்தியால்பேட்டை)

ஒரு பெற்றோரின் சம்மதம் கிடைக்காதபோது தருவதற்கென்றே ‘இணைப்பு சி’ உறுதிமொழி இருக்கிறது. அதில் காரணத்தை எழுதிக் கொடுங்கள். பிள்ளையை வெளிநாடு கூட்டிப்போகக் கூடாது என்று நீதிமன்றத் தடை இருந்தால் மட்டும், முதலில் அங்கே அனுமதி வாங்குங்கள்.