காதை நம்பாதீங்க தம்பி

கேள்வி: அக்கா, மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல்லுக்கும் பேங்க் எக்ஸாமுக்கும் சேர்த்துப் படிக்கிறேன். இங்கிலீஷ் வாக்கியத்துல தப்பு கண்டுபிடிக்கிற எரர் ஸ்பாட்டிங்ல கம்பேரிசன், அதாவது ஒப்பீடு வந்தாலே எல்லாம் சரியா இருக்கிற மாதிரி தோணி 'நோ எரர்' போட்டுட்டு வந்துடறேன், அது தப்பாயிடுது. என்ன பண்றது? – திண்டுக்கல் வாசகர்

பதில்: தம்பி, 'தி பாப்புலேஷன் ஆஃப் சென்னை இஸ் லார்ஜர் தேன் மதுரை', இது உங்களுக்கு சரின்னுதானே படுது? ஏன்னா நாமளும் பேச்சுல "சென்னையோட மக்கள்தொகை மதுரையை விட ஜாஸ்தி"ன்னுதான் சொல்றோம், கேக்கறவங்களும் புரிஞ்சுக்கறாங்க, அந்தப் பழக்கம்தான் உங்க காதை ஏமாத்துது. ஆனா மக்கள்தொகையை ஒரு ஊரோட ஒப்பிட முடியாது, இன்னொரு மக்கள்தொகையோடதான் ஒப்பிடணும். அதனால 'தேன் தட் ஆஃப் மதுரை'. "என் பேனாவை விட உன்னோடது நல்லா எழுதுது"ன்னு சொல்றோம்ல, அந்த 'ஓடது'தான் இந்த 'தட் ஆஃப்'. 'தேன்' (than) எங்க வந்தாலும் அதைச் சுத்தி ஒரு வட்டம் போட்டுட்டு தமிழ்ல 'மதுரையையா, மதுரையோடதையா'ன்னு கேட்டுப் பாருங்க, பாதி தப்பு அங்கயே மாட்டிக்கும்.

ஒரு இடத்துல மட்டும் தமிழ் கை கொடுக்காது. நமக்கு ஒண்ணா இருந்தாலும் பத்தா இருந்தாலும் 'ஓடது'தான், இங்கிலீஷ்ல 'ரோட்ஸ்'னு பன்மை வந்தா 'தோஸ் ஆஃப்' போடணும். நல்லா படிக்கிற பசங்களே இதுல விழறதைப் பார்த்திருக்கேன்.

அடுத்து 'சென்னை இஸ் பிக்கர் தேன் எனி சிட்டி இன் தமிழ்நாடு'. சென்னையும் தமிழ்நாட்டுலதானே இருக்கு, அப்போ அது தன்னை விடவே பெருசுன்னு ஆயிடும், அதனால 'எனி அதர் சிட்டி'. இதே 'எனி சிட்டி இன் கேரளா'ன்னு வந்தா 'அதர்' தேவையே இல்ல.

பேரலலிசம், அதாவது வரிசையா வர்ற சொற்கள் எல்லாம் ஒரே வடிவத்துல இருக்கணும்ங்கறது, உங்களுக்கு ஈஸிதான். "அவளுக்குப் பாடறதும் ஆடறதும் சமைக்கவும் பிடிக்கும்"னு சொன்னா உறுத்துதுல்ல? 'சிங்கிங், டான்சிங் அண்ட் டு குக்'கும் அதே உறுத்தல்தான், 'குக்கிங்'னு மாத்தணும். 'நாட் ஒன்லி'க்கு அப்புறம் வினை வந்தா 'பட் ஆல்ஸோ'வுக்கு அப்புறமும் வினை வரணும், பெயர்ச்சொல்னா ரெண்டு பக்கமும் பெயர்ச்சொல். 'ஹி நாட் ஒன்லி லாஸ்ட் ஹிஸ் பர்ஸ் பட் ஆல்ஸோ ஹிஸ் போன்' தப்பு, 'ஹி லாஸ்ட் நாட் ஒன்லி ஹிஸ் பர்ஸ்'னு 'லாஸ்ட்' முன்னாடி வரணும்.

சிஜிஎல்லோட முதல் கட்டத் தேர்வான டியர் 1ல சரியான பதிலுக்கு 2 மார்க், தப்புக்கு 0.50 போயிடும், அதாவது தெரிஞ்ச கேள்வியில ஏமாந்தா 2.5 மார்க் நஷ்டம். அதனால 'நோ எரர்' போடறதுக்கு முன்னாடி அந்த 'தேன்'ஐ மட்டுமாவது ஒரு தடவை பார்த்துடுங்க.

கேள்வி: எம்பிஏ சேர்றதுக்கு எழுதற ஜிமேட்ல, வாக்கியத்தைத் திருத்தற சென்டென்ஸ் கரெக்ஷன் பகுதியையே எடுத்துட்டாங்களாமே, அண்ணனோட பழைய புக்கை எடைக்குப் போட்டுடலாமா? – சேலம் வாசகி

பதில்: போட்டுடாதீங்கம்மா! 2023 நவம்பர்ல வந்த புது ஜிமேட்ல அந்தப் பகுதி இல்லைங்கறது உண்மைதான். ஆனா எஸ்எஸ்சி, பேங்க் எக்ஸாம்ல வாக்கியத்துல தப்பு கண்டுபிடிக்கிற கேள்வி இன்னும் வருது, கம்பேரிசனுக்கு அந்தப் புக்ல இருக்கிற மாதிரி சிக்கலான வாக்கியம் வேற எங்க கிடைக்கும்? விடையை ஒரு பேப்பரால மூடி வச்சுட்டு ஒரு நாளைக்கு அஞ்சு போட்டுப் பாருங்க.