பழக்காலம் அல்லாதபோது அத்திமரத்தை இயேசு ஏன் சபித்தார்?

பைபிளில் மாற்கு நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தில், பசியோடு வந்த இயேசு இலை அடர்ந்த அத்திமரத்தில் பழம் தேடி, ஒன்றும் இல்லாததால் அதைச் சபிக்கிறார். இந்தச் சாபம் ஓர் அடையாளச் செயல். அதாவது, சொல்ல வந்ததைச் செய்துகாட்டுவது. பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி எரேமியா மண்கலசத்தை உடைத்துக் காட்டினாரே, அந்த வழிதான்.

இது நடந்த பஸ்கா என்ற யூதப் பண்டிகைச் சமயத்தில், மார்ச்-ஏப்ரல் வாக்கில், எருசலேம் பக்கத்து அத்தி இலைவிடும்போதே சின்னப் பச்சைக் காய்களும் பிடித்துவிடும். கனிவது ஜூன் வாக்கில்தான். சரி, இலை அடர்ந்தும் அந்தக் காய்கூட இல்லையென்றால்? பிறகு அந்த ஜூன் பழத்துக்கு வழியில்லை. ‘சாப்பாடு தயார்’ என்று பலகை வைத்துவிட்டு, உள்ளே அடுப்பே பற்றவைக்காத கடை மாதிரி.

சாபத்துக்கும் மறுநாள் மரம் பட்டுப்போய் நின்றதற்கும் நடுவே மாற்கு எதை வைக்கிறார் பாருங்கள்: எருசலேம் ஆலயத்தில் காசு மாற்றுவோரின் மேசைகளை இயேசு கவிழ்த்த சம்பவம். சாபத்தின் குறி அந்த ஆலயம்தான்: அந்த மரம்போல, வெளியே பகட்டு, உள்ளே கனியில்லை. (மத்தேயு நற்செய்தி இந்தச் சம்பவங்களின் வரிசையை மாற்றியிருப்பதால் அங்கே இது சட்டென்று பிடிபடாது.)

பசிக் கோபத்தில் மரத்தைப் பழிவாங்கினார் என்று பலர் நினைப்பது சரியல்ல. பசி அவரை மரத்தருகே கொண்டுபோனது, அவ்வளவுதான்.