போனில் இலவச விபிஎன்: எடுத்துவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: கீழக்கரையில் இருக்கிறேன். வீட்டுக்காரர் துபாய்க்கு சபுர் (வெளிநாட்டு வேலை) போய் ஆறு வருஷமாகிறது. அங்கே வாட்ஸ்அப் கால் போகாது என்பதால், தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு இரண்டு பேர் போனிலும் இலவச விபிஎன் ஒன்றைப் போட்டோம். என் போனில் தம்பிதான் போட்டுக் கொடுத்தான். வாட்ஸ்அப்பில் வந்த ஃபைல். அதிலிருந்து போன் சுடுகிறது. ஒரு நாள் டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. பேங்க் ஆப் சில நேரம் திறக்க மாட்டேன் என்கிறது. ஜிபேயும் இதே போனில்தான். விபிஎன் ஆபத்தா? நம்பிப் போடக்கூடியது எது?

பதில்: சகோதரி, முதலில் அந்த ஆப்பை எடுத்துவிடுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம். மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள். செட்டிங்ஸில் விபிஎன் என்று தேடினால் அதன் பெயர் இருக்கும். அதை அங்கிருந்து நீக்குங்கள். பிறகு ஆப்பை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். போக மாட்டேன் என்று அடம்பிடித்தால், அக்சஸிபிலிட்டி, டிவைஸ் அட்மின் இரண்டு இடங்களிலும் அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். அதை அணைத்த பிறகு போய்விடும். திரையின் மேல் ஓரத்தில் தெரிந்த சிறிய சாவிப் படமும் மறைந்திருக்க வேண்டும்.

இவ்வளவு அவசரப்படுத்தக் காரணம், உங்கள் போனில் அதற்கு வேலையே இல்லை. வாட்ஸ்அப் அழைப்பைத் தடுப்பது அமீரகத்துத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள். தடை இருப்பது அவர்களுடைய வலையமைப்பில். இங்கே ஜியோவோ ஏர்டெல்லோ வாட்ஸ்அப் அழைப்பைத் தடுக்கவில்லை. கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் எத்தனையோ தாய்மார்களின் போனில் இப்படித் தேவையே இல்லாமல் விபிஎன் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு பதறும், ஏனென்றால் வீட்டுக்கு வருகிற பணம் முழுக்க அந்த ஒரு போன் வழியாகத்தான் வருகிறது.

விபிஎன் என்ன செய்கிறது? நம் ஊரில் துபாய் போகிறவர் கையில் பார்சல் கொடுத்துவிடுவோம் இல்லையா, துணியில் தைத்து, மேலே பெயர் எழுதி? கொண்டுபோகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. யார் வீட்டிலிருந்து யாருக்குப் போகிறது என்பது மட்டும் தெரியும். பேங்க் ஆப், ஜிபே, வாட்ஸ்அப் எல்லாம் ஏற்கெனவே இப்படித் தைத்துத்தான் அனுப்புகின்றன. அந்தத் தையலுக்குப் பெயர் மறையாக்கம். விபிஎன் போடும்போது, எல்லாப் பார்சல்களையும் ஒரே பெட்டியில் பூட்டி ஒரே ஆளிடம் ஒப்படைக்கிறீர்கள். வழியில் இருப்பவர்களுக்குப் பெட்டி மட்டும்தான் கண்ணில் படும். பெட்டியைத் திறக்கிற அந்த ஆளுக்கோ எல்லா முகவரியும் தெரிந்துவிடும். இதுவரை ஏர்டெல்லை நம்பினீர்கள். இனி அவரை நம்ப வேண்டும். அந்த ஆள் யார் என்பதுதான் எல்லாக் கேள்விக்கும் மூலம்.

சர்வர்களை நடத்தப் பணம் வேண்டும். உங்களிடம் வாங்காதவர் வேறெங்கோ வாங்குகிறார். 2016-ல் ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓவைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் ஆப்களைப் பிரித்துப் பார்த்தார்கள். 38 சதவீதத்தில் தீய மென்பொருளின் அடையாளம் இருந்தது. 18 சதவீதம் எதையும் மறையாக்கம் செய்யவே இல்லை. பெட்டிக்குப் பூட்டே கிடையாது. ‘நாங்கள் எதையும் பதிவு செய்வதில்லை’ என்று விளம்பரம் செய்த யூஎஃப்ஓ விபிஎன், பயனர்களின் பதிவுகளைப் பூட்டாத சர்வரில் போட்டு வைத்திருந்தது 2020-ல் வெளியே வந்தது.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. உங்கள் பார்சலைப் பார்ப்பது போதாதென்று, ஊர்பேர் தெரியாதவனின் பார்சலை உங்கள் வீட்டு முகவரியிலிருந்து அனுப்பிவிடுவது. மாஸ்க் விபிஎன், டியூ விபிஎன் போன்ற இலவச மென்பொருள்களைக் கணினியில் போட்டவர்களுக்கு இதுதான் நடந்தது. அந்தக் கணினிகளின் இணைப்பு மோசடிக்காரர்களுக்கு வாடகைக்கு விடப்பட்டது. 911 எஸ்5 என்ற அந்த வலையை 2024 மே மாதம் அமெரிக்க அதிகாரிகள் முடக்கியபோது, 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் 1.9 கோடி ஐபி முகவரிகள் (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்கள்) அதில் சிக்கியிருந்தது தெரிந்தது. அப்படி யாரோ செய்கிற மோசடிக்கு, முதலில் போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டைத்தான். டேட்டா மதியத்துக்குள் தீர்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. பின்னால் ஓடும் விளம்பரங்களாகவும் இருக்கலாம். எதுவானாலும் அந்த ஆப் உங்கள் போனில் இருக்கக் கூடாது.

பேங்க் ஆப் திறக்க மறுத்ததும் நல்லதுக்குத்தான். நீங்கள் வெளிநாட்டிலிருந்து நுழைவதுபோல் தெரிந்தாலோ, சந்தேகத்துக்குரிய ஆப் போனில் இருந்தாலோ சில வங்கிகள் கதவை அடைத்துவிடும்.

துபாயில் இருப்பவருக்கு இருக்கிற ஆபத்து வேறு. அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு 34-ஆம் எண் சைபர் குற்றச் சட்டம், குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ விபிஎன் போன்றவற்றால் ஐபி முகவரியை மறைத்தால் சிறை, 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்கிறது. தடை செய்த அழைப்பு அதில் அடங்குமா அடங்காதா என்று வாதாடுகிற இடத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம். போட்டிம் போல அங்கே அனுமதி பெற்ற ஆப்கள் இருக்கின்றன. படத்தெளிவு சில நேரம் மோசமாக இருக்கும், உண்மைதான். வேலையையும் விசாவையும் விட அது பெரிதல்ல.

உண்மையாகவே விபிஎன் தேவைப்படும் இடம் உண்டா? ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வைஃபையில் அலுவலக வேலை பார்க்கிறவருக்கு உதவும். அங்கேயும் சொந்த போனின் ஹாட்ஸ்பாட் போதும் என்பது என் கருத்து. விபிஎன் கட்டாயம் வேண்டும் என்றால், நிறுவனத்தின் முதலாளி யார் என்று பாருங்கள். பிறகு, வெளியார் தணிக்கை நடந்து அறிக்கை வெளிவந்திருக்கிறதா, வயர்கார்டு அல்லது ஓபன்விபிஎன் நெறிமுறை (பெட்டியைப் பூட்டி அனுப்பும் முறை) இருக்கிறதா, இணைப்பு அறுந்தால் இணையத்தையே நிறுத்தும் கில் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். ‘பதிவு வைப்பதில்லை’ என்று எழுதி ஒட்ட யாராலும் முடியும். ஸ்வீடனின் முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு 2023 ஏப்ரலில் போலீஸ் சோதனைக்கு வந்து, வாடிக்கையாளர் விவரம் எதுவும் இல்லாமல் திரும்பியது. நான் மதிக்கிற சான்று அது. அதன் கட்டணம் மாதம் 5 யூரோ. இலவசமே வேண்டுமென்றால் நான் கைகாட்டுவது சுவிட்சர்லாந்தின் புரோட்டான் விபிஎன்னை மட்டும்தான். பணம் கட்டுகிறவர்கள் அதன் செலவைத் தாங்குகிறார்கள்; அதன் நிரலும் யாரும் பார்க்கும்படி திறந்தே கிடக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, இங்கே சேவை தரும் விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், தொடர்பு எண், ஐபி விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதனால்தான் நார்ட், எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க், புரோட்டான் எல்லாம் இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. சர்வர் இந்தியாவிலேயே இருக்கிறது, பதிவும் கிடையாது என்று ஒரே மூச்சில் சொல்கிற ஆப்பிடம் ஜாக்கிரதை.

உங்கள் போனுக்குத் திரும்பி வருகிறேன். வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே ஃபைல் (பிளே ஸ்டோர் இல்லாமல் ஆப்பை நேரடியாகப் போடும் ஃபைல்) என்பதால் ஆப்பை நீக்கியதோடு விட முடியாது. படங்களையும் எண்களையும் பத்திரப்படுத்திவிட்டு ஃபேக்டரி ரீசெட் (எல்லாவற்றையும் அழித்துப் புது போன்போல் ஆக்குவது) செய்துவிடுங்கள். அதன் பிறகு ஜிமெயில் பாஸ்வேர்டு, பேங்க் ஆப் பின், யுபிஐ பின் மூன்றையும் மாற்றுங்கள். அதற்கு முன்னால் மாற்றிப் பயனில்லை. இனி ஆப் எதுவானாலும் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும். பாஸ்புக்கை ஒருமுறை வரிவரியாகப் பாருங்கள். தெரியாத தொகை போயிருந்தால் அதே நிமிடம் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். தம்பியைத் திட்ட வேண்டாம். உங்களுக்கு உதவத்தானே செய்தான், ரீசெட் செய்யவும் அவனையே கூப்பிடுங்கள். இன்றிரவு வீட்டுக்காரர் பேசும்போது அவர் போனிலிருந்தும் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.