கணக்குக் கேட்டால் வன்மமா?

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கோயில் சங்கமாகப் பதிவு பெற்றது. திருவிழா வசூலுக்கு இரண்டு வருடமாகக் கணக்கே காட்டவில்லை. சங்கப் பதிவிலாகாவுக்குப் புகார் எழுதினேன், ஊர் வாட்ஸ்அப் குழுவில் 'கோயில் காசைத் தின்றவன்' என்றும் போட்டேன். பொருளாளரின் வக்கீல் கடிதம் வந்திருக்கிறது, நான் 'மாலிஸ்' வைத்து எழுதினேனாம். மாலிஸ் என்றால் பொறாமைதானே? அவர் மேல் எனக்கென்ன பொறாமை?
- வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: பொறாமை இல்லைங்க. ஒருவருக்குக் கெடுதல் வரவேண்டும் என்று மனத்தில் வைத்துக்கொண்டே ஒன்றைச் செய்வதுதான் மாலிஸ். நம் பேச்சில் வன்மம் என்போமே, அது. ஆனால் வக்கீல் கடிதத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. சம்பந்தப்பட்ட ஒருவர் விசாரிக்க வேண்டிய இலாகாவுக்கு நேர்மையாக எழுதும் புகாருக்கு அவதூறுச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, அதில் ஒரு விவரம் தப்பாகிப் போனாலும்கூட. அந்தப் பாதுகாப்பை உடைக்க வேண்டுமானால் எதிர்த்தரப்பு மாலிஸை நிரூபித்தாக வேண்டும்.

அது சுலபமில்லை. இங்கிலாந்தில் போல்ட்டன் நகர மன்றத்தில் ஓர் உறுப்பினர் இன்னோர் உறுப்பினரைத் தாக்கிப் பேசி, ஹாராக்ஸ் எதிர் லோ என்ற அந்த வழக்கு 1974-இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. பேசியவர் கண்மூடித்தனமான வெறுப்போடுதான் பேசினார், ஆனால் சொன்னதை உண்மை என்றே நம்பினார், அதனால் அது மாலிஸ் ஆகாது என்று தீர்ப்பு. நம் நாட்டு நீதிமன்றங்களும் இந்த வழக்கை எடுத்துக்காட்டுகின்றன. ஆக, உங்களுக்குக் கோபம் இருந்தது என்பது மட்டும் போதாது. பொய் என்று தெரிந்தே எழுதினீர்களா, அல்லது கணக்கு ஒரு சாக்கு, அவரைக் கவிழ்ப்பதுதான் முக்கிய நோக்கமா? இரண்டும் இல்லையென்றால் இலாகாவுக்குப் போன புகாரைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டாம்.

வாட்ஸ்அப் விஷயம் வேறு. கணக்கு காட்டவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்தது. தின்றுவிட்டார் என்பது தெரியுமா? தெரியாத ஒன்றை, கோயிலுக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் இருக்கும் குழுவில் போட்டது தப்பு, அதை நான் பூசி மெழுக மாட்டேன். ஒரு வக்கீலைப் பாருங்கள், அதுவரை குழுவில் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

அதற்காகப் புகாரை வாபஸ் வாங்கிவிடாதீர்கள். ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் கணக்கு இலாகாவுக்குப் போக வேண்டும் என்று 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டமே சொல்கிறது. தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் ஜனங்கள் கொடுத்த காசு அது. கணக்கைக் கேட்கிற ஆளையெல்லாம் இந்த ஒரு சொல்லை வைத்து மிரட்டி உட்கார வைப்பதை என்னால் ஏற்கவே முடியாது.